நடக்காத குற்றத்தின் கணக்கு

மணிமேகலையின் 23ஆவது காதை, சிறைவிடு காதை. மகன் உதயகுமரனை இழந்த இராசமாதேவி, சிறையிலிருக்கும் மணிமேகலையைப் பரிவு காட்டுபவள்போல் மீட்டுத் தன்னோடு வைத்துக்கொள்கிறாள். பிறகு மூன்று முறை அவளை அழிக்கப் பார்க்கிறாள். பித்தேற்றும் மருந்து கொடுக்கிறாள். கல்லாத இளைஞன் ஒருவனுக்குக் காசு கொடுத்து ஏவுகிறாள். நோயென்று பொய் சொல்லிப் புழுக்கறையில் அடைக்கிறாள். முதலும் மூன்றாவதும் அரசியின் சொந்தச் செயல்கள். இரண்டாவதில் மட்டும் இன்னொருவனின் கை தேவைப்படுகிறது.

அந்த ஏவலை நிதானமாகப் படிக்க வேண்டும். அவளை வலிந்து அடை, உடலில் புணர்ச்சிக் குறிகளை உண்டாக்கு, அவளே இணங்கினாள் என்று பலரிடமும் சொல். வன்முறைக்கும் அவதூறுக்கும் சேர்த்தே கூலி. இளைஞன் போகிறான். வஞ்சத்தை உணர்ந்த மணிமேகலை மந்திரம் ஓதி ஆணுருக் கொள்கிறாள். அரச மகளிர் வாழுமிடத்தில் ஆண் ஒருவனைக் கண்டதும், அரசியின் உள்நோக்கம் என்னவோ என்று அஞ்சி அவன் ஊரைவிட்டே ஓடுகிறான்.

வகுப்பில் இந்த இடம் வரும்போது, "நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை" என்ற பெருமூச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நான் வாதிட விரும்புவது இந்தச் சொற்றொடரோடுதான்.

சட்டம் இப்படி வாசிப்பதில்லை. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், தூண்டப்பட்ட செயல் நடந்தேற வேண்டியதில்லை, தூண்டியதே குற்றம் என்றது. ஒருவர் இன்னொருவரைக் கொலைக்குத் தூண்ட, அவர் மறுத்துவிட்டாலும் தூண்டியவர் குற்றவாளியே என்று 108ஆவது பிரிவு எடுத்துக்காட்டும் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 46ஆவது பிரிவிலும் இது தொடர்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றத்தைத் தூண்டி, அது நடக்காமல் போனாலும் 55ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சிறைத்தண்டனைக்குரிய மற்றக் குற்றங்களுக்கு, 56ஆவது பிரிவின்படி உச்சத் தண்டனையில் நான்கில் ஒரு பங்கு வரை சிறை விதிக்கலாம். வன்புணர்வுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. ஆகவே இராசமாதேவி இன்று கூண்டில் நின்றால் 55ஆவது பிரிவுதான் பேசும். காசு கைமாறிய கணத்திலேயே அவளுடைய குற்றம் முழுமையடைந்துவிட்டது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பெண்களுக்கு அது எளிதில் கைகொடுப்பதில்லை. ஏவல் மூடிய அறைக்குள் நடக்கிறது. ஏவப்பட்டவனே சாட்சி, அவன் ஓடிவிடுகிறான். தப்பித்தவளின் உடலில் காட்டுவதற்குக் காயமில்லை. "அதான் ஒண்ணும் ஆகலையே, விட்டுடும்மா" என்று வீட்டாரே சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்பதற்கு இந்த அரசியைச் சான்று காட்டுவோர் உண்டு. அவள் கையிலெடுத்த ஆயுதங்களைப் பாருங்கள்: ஆணின் உடல், ஊரின் வாய். இரண்டும் அவளுக்கு முன்பே தயாராக இருந்தவை.

அந்த இளைஞன் அவளுக்காக இரங்கவில்லை, அரசியும் மனம் மாறவில்லை. தடுத்தவள் மணிமேகலை. ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லும்போது அரசியின் குற்றத்தோடு மணிமேகலையின் செயலையும் சேர்த்தே அழிக்கிறோம்.

காதையின் இறுதியில் அரசி வணங்குகிறாள். மணிமேகலை அதை ஏற்காமல் பதிலுக்கு வணங்குகிறாள். மன்னிப்பது அவள் உரிமை. மன்னிக்கும்படி ஒன்று நடந்திருக்கிறது என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை.