பெருமாளைச் சுமக்கும் தோள்கள்

ஸ்ரீரங்கத்தில் உற்சவர் நம்பெருமாள் புறப்பாடு என்றால் எல்லார் கண்ணும் அவர் மேல்தான். என் பார்வை மட்டும் அவரைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் காலடிக்கு இறங்கிவிடும். கருவறையை விட்டு வரும்போது சிம்ம கதி: இரண்டடி வைத்து, நின்று, இடமும் வலமும் திரும்பி, மறுபடி ஒரு அடி. உள்ளே திரும்பும்போது சர்ப்ப கதி. அத்தனை பேரின் கால்களும் ஒரே நடை நடக்கின்றன. படி ஏறும்போது முன்னால் இருப்பவர்கள் தண்டைத் தாழ்த்துவார்கள், பின்னால் இருப்பவர்கள் உயர்த்துவார்கள். பெருமாள் துளியும் சாயமாட்டார். வருஷக்கணக்கில் சுமந்த தோளில் காய்ப்பு ஏறியிருக்கும்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிபவருக்கு அரணாக முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். புள்ளிக் கணக்கில் அவர்கள் பெயர் வருவதே அபூர்வம். பிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஜேசன் கெல்சி அந்த இடத்தில் 13 பருவங்கள் ஆடி 2024-இல் ஓய்வுபெற்றார். அவரைப் பற்றிப் படித்தபோது இந்த ஸ்ரீபாதம் தாங்கிகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

வைகுண்ட ஏகாதசித் திருவிழாவின் இராப்பத்து எட்டாம் நாள், பெருமாளை வழிமறித்த கதையை நடித்துக்காட்டும் வேடுபறி. மணல்வெளியில் தங்கக் குதிரை வாகனத்தைத் தோளில் ஏந்தி வையாளி ஓடுவார்கள். பாய்ந்து, சுழன்று, சட்டென்று நிற்பார்கள். மணலில், அவ்வளவு கனத்தோடு! எந்த மைதானத்திலும் அதற்கு ஈடான ஓட்டத்தை நான் பார்த்ததில்லை.