எரிபொருள் விதியும் ஓட்டும் இன்பமும்: குற்றம் எங்கே?

2025 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய பெரும் வரிச் சட்டத்துக்குள், கார்ப் பிரியர்கள் பலர் வரவேற்ற சிறு பிரிவு ஒன்று இருந்தது. மைலேஜ் இலக்கை எட்டத் தவறும் கார் நிறுவனங்கள் கட்டவேண்டிய அபராதத்தை அது சுழியமாக்கியது. விதி ஏட்டில் அப்படியே இருந்தது. மீறினால் தண்டனை இல்லை. அதே கோடையில் ராம் 1500 பிக்கப்புக்கு எட்டு சிலிண்டர் ஹெமி இன்ஜினும் திரும்பி வந்தது. அரை நூற்றாண்டாகத் தங்கள் இன்பத்தைப் பறித்துவந்த சட்டத்தின் பல் பிடுங்கப்பட்டுவிட்டது என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சிக்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில், எந்த இன்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நேர்ச்சாலையில் எட்டும் வேகம் அதில் ஒரு பகுதிதான். மலைப்பாதை வளைவில் திருப்பிய கணத்தில் கார் திரும்புவது, சாலையின் சொரசொரப்பு ஸ்டியரிங் வழியே விரலுக்கு வருவது, இன்ஜினின் ஒலி கேட்டுக் கியரைத் தன் கையால் மாற்றுவது ஆகியவை மற்றப் பகுதிகள். இதை அற்ப ஆசை என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. மனிதனும் இயந்திரமும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் ஓர் அரிய கலை இது, காக்கத் தகுந்தது. காக்க வேண்டுமென்பதால்தான், அதைக் கெடுத்தது எது என்பதைச் சரியாக அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

1973ஆம் ஆண்டு எண்ணெய்த் தடை அமெரிக்காவை உலுக்கியதன் பின்விளைவாக, 1975 டிசம்பரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து பிறந்ததே கஃபே எனப்படும் விதி. ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி மைலேஜுக்கு அது குறைந்தபட்ச அளவு வைத்தது. 1978 மாடல் கார்களுக்கு லிட்டருக்குச் சுமார் 7.7 கி.மீ.; 1985க்குள் 11.7 கி.மீ. இலக்கு சராசரிக்குத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தத் தனிக் காரையும் இந்த விதி தடை செய்யவில்லை. நூறு சிக்கனக் கார்களை விற்கும் நிறுவனம் பத்து முரட்டுக் கார்களை விற்கலாம்.

கார்ப் பிரியர்களின் முதல் குற்றச்சாட்டு: இந்த விதி ஆற்றலைக் கொன்றது. 1970இல் செவெல் காரின் மிகப் பெரிய இன்ஜினுக்கு 450 குதிரைத்திறன். 1975இல் அடிப்படை கார்வெட்டுக்கு 165. சரிவு கண்கூடு. ஆனால் தேதிகள் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஒத்துவரவில்லை. விதி நடைமுறைக்கு வந்ததே 1978 மாடலில். அதற்கு முன்பே, 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் புகையைக் கட்டுப்படுத்தியது. ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ப ஜெனரல் மோட்டார்ஸ் 1971இல் இன்ஜின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. காப்பீட்டு நிறுவனங்கள் முரட்டுக் கார்களுக்குப் பிரீமியத்தை ஏற்றின. 1972இல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியதால், இன்ஜின் மாறாமலே காகிதத்தில் எண் இறங்கியது. மைலேஜ் விதி களத்துக்கு வந்தபோது, முரட்டுக் கார்களின் காலம் ஏற்கெனவே முடிந்திருந்தது.

விதியின் முதல் ஆண்டுகள் வறண்டவை என்பதை மறுக்க முடியாது. 1982இல் கமாரோ என்ற புகழ்பெற்ற பெயரைத் தாங்கிய கார் ஒன்று, வெறும் 90 குதிரைத்திறன் நான்கு சிலிண்டர் இன்ஜினோடு கடைக்கு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, 1975இல் சராசரிப் புது வண்டிக்கு 137 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 96 கி.மீ. வேகத்தை எட்டச் சுமார் 14 வினாடி. 2023இல் சராசரி 250 குதிரைத்திறனைத் தாண்டிவிட்டது. நேரம் 8 வினாடிக்குள் வந்துவிட்டது. அதே இடைவெளியில் சராசரி மைலேஜ் லிட்டருக்கு 5.6 கி.மீ.யிலிருந்து 11.5 கி.மீ.யாக இரட்டித்தது. கார்புரேட்டரின் இடத்துக்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்ததும், வால்வு திறக்கும் நேரம் வேகத்துக்கேற்ப மாறத் தொடங்கியதும், கியர்கள் நான்கிலிருந்து ஆறும் எட்டுமாகப் பெருகியதும் பெட்ரோலையும் மிச்சப்படுத்தின, ஆற்றலையும் கூட்டின. 2014இன் கார்வெட் 455 குதிரைத்திறன் கொண்டது. நெடுஞ்சாலையில் நான்கு சிலிண்டர்களை அணைத்துவிட்டு ஓடும். 707 குதிரைத்திறன் ஹெல்கேட்டும் 1,025 குதிரைத்திறன் டீமன் 170உம் இதே விதியின் கீழ்தான் விற்றன. முதல் குற்றச்சாட்டு நிற்காது.

இரண்டாவது குற்றச்சாட்டு நுட்பமானது: ஆற்றல் இருக்கிறது, உணர்வு போய்விட்டது. இதற்கு வலுவான சான்றுகள் உண்டு. 1989 கார்வெட்டின் ஆறு கியர் பெட்டியில் ஒரு பூட்டு வந்தது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து, மணிக்குச் சுமார் 25 கி.மீ. வேகத்தில் முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குப் போக முயன்றால், அது வழியை அடைத்து நேராக நான்காவதற்குத் தள்ளும். சோதனைக்கூடத்தில் மைலேஜ் எண்ணை உயர்த்தி, அதிகம் பெட்ரோல் குடிக்கும் கார்களுக்கான தனி வரியிலிருந்து காரைத் தப்பவைக்கவே இந்த ஏற்பாடு. வாங்கியவர்கள் பலர் மலிவான ஓர் உதிரிப் பாகத்தைப் போட்டு அதைச் செயலிழக்கச் செய்தார்கள். சாலையில் மிச்சம் சொற்பம். ஓட்டுபவரின் வலது கைக்கு ஒவ்வொரு நாளும் இடையூறு.

ஸ்டியரிங்கிலும் இதே கதை. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஸ்டியரிங்கின் பம்பை இன்ஜின் எப்போதும் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின் மோட்டார் தேவைப்படும்போது மட்டும் உழைக்கும். அந்தச் சேமிப்புக்காக 2011இல் போர்ஷே 911 உட்படப் பல கார்கள் மின்முறைக்கு மாறின. சாலையின் பேச்சு மங்கிவிட்டது என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் வருந்தினார்கள். நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழன்ற பிஎம்டபிள்யூ எம்3இன் எட்டு சிலிண்டர் இன்ஜின் போய், 2014இல் ஆறு சிலிண்டர் டர்போ வந்தது. 2022இல் மெர்சிடிஸ் சி63 தன் எட்டு சிலிண்டரை விட்டுவிட்டு, இரண்டு லிட்டர் டர்போவோடு மின் மோட்டாரையும் சேர்த்துக்கொண்டது. ஆற்றல் 671 குதிரைத்திறனாக ஏறியது. எடை இரண்டு டன்னைத் தாண்டியது. பழைய இன்ஜினின் குரல் மறைந்தது. இவை உண்மையான இழப்புகள்.

ஆனாலும் இந்தக் குற்றச்சாட்டையும் முழுதாக ஏற்க முடியாது. மின் ஸ்டியரிங்கின் குறை தொழில்நுட்பத்தின் இளமைக் குறை. போர்ஷேயே அடுத்தடுத்த மாடல்களில் அதைப் பெருமளவு சரிசெய்தது. கைக் கியர் மறைவுக்கு விதியைப் பழிப்பது இன்னும் பலவீனம். 1980இல் அமெரிக்காவில் விற்ற புது வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கைக் கியர் கொண்டவை. இன்று நூற்றில் ஒன்று அளவுதான். அந்தச் சரிவின் பெரும்பகுதி, கைக் கியரே அதிக மைலேஜ் தந்த காலத்தில் நடந்தது. வாங்குவோர்தான் கிளட்ச்சைக் கைவிட்டார்கள். ஆக, இரண்டாவது குற்றச்சாட்டு பாதி நிற்கும்.

மூன்றாவது, கார்ப் பிரியர்கள் போதிய அளவு எழுப்பாத குற்றச்சாட்டு. என் கணிப்பில் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எடை பெட்ரோலைத் தின்கிறது. அதே எடைதான் ஓட்டும் இன்பத்தையும் தின்கிறது. கனமான கார் வளைவில் வெளிப்பக்கம் சாய்கிறது, பிரேக் பிடித்தால் தாமதமாக நிற்கிறது. அதைச் சமாளிக்க அகலமான டயர், பெரிய பிரேக், இறுக்கமான ஸ்பிரிங், அதிக ஆற்றல் எல்லாம் தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றும் எடையை மேலும் கூட்டுகிறது. எனவே நேர்மையான மைலேஜ் சட்டம் ஒன்று எடையைத் தண்டித்திருந்தால், அது கார்ப் பிரியர்களின் தோழனாக இருந்திருக்கும். அமெரிக்கச் சட்டம் இதற்கு நேர்மாறாக, பெரிய வண்டிகளுக்குச் சலுகை கொடுத்தது.

தொடக்கத்திலேயே அது வண்டிகளை இரண்டாகப் பிரித்தது: பயணிகள் கார், இலகு டிரக். விவசாயிக்கும் தொழிலாளிக்கும் உரியது என்று டிரக்குக்குத் தளர்வான இலக்கு. 1996 முதல் 2004 வரை காருக்கு லிட்டருக்கு 11.7 கி.மீ., டிரக்குக்கு 8.8 கி.மீ. மட்டுமே. குடும்ப எஸ்யூவிகள் டிரக் என்ற பெயரில் அந்தக் கதவு வழியே நுழைந்தன. கிரைஸ்லரின் பிடி குரூசர் டிரக்காகப் பதிவானது. சுபாரு தன் அவுட்பேக்கின் உயரத்தைச் சற்றே கூட்டி அதையும் டிரக்காக்கியது. அதிகம் பெட்ரோல் குடிக்கும் வண்டிக்கான தனி வரி, காருக்கு 7,700 டாலர் வரை விதிக்கப்படுகிறது, டிரக்குக்கு விலக்கு. ஆகவே இரு இருக்கை விளையாட்டுக் கார் வரி கட்டியது, அதைவிட அதிகம் குடித்த மாபெரும் எஸ்யூவி கட்டவில்லை. 2011 மாடலிலிருந்து கார்களின் இலக்கும், நான்கு சக்கரங்களுக்கு இடையிலான பரப்பை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. பரப்பு பெரிதானால் இலக்கு தளரும். மிகக் கடுமையான இலக்கு மிகச் சிறிய காருக்கு.

விளைவு எண்களில் தெரிகிறது. 1980களின் தொடக்கத்தில் 1,450 கிலோவுக்கு இறங்கிய சராசரி வண்டி, 2023இல் இரண்டு டன்னை நெருங்கிவிட்டது. 2018இல் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கைத் தவிர்த்துத் தன் கார்களை ஏறக்குறைய முழுவதுமாக வட அமெரிக்கச் சந்தையிலிருந்து நிறுத்தப்போவதாக அறிவித்தது. எம்ஐடி பொருளியலாளர் கிறிஸ்டோபர் நிட்டல் 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. எடையும் ஆற்றலும் 1980இன் அளவிலேயே நின்றிருந்தால், 2006க்குள் மைலேஜ் ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்ந்திருக்கும். உண்மையில் உயர்ந்தது சுமார் 15 விழுக்காடு. பொறியாளர்களின் உழைப்பில் பெரும்பங்கு எடையைச் சுமக்கவும் ஆற்றலைப் பெருக்கவும் செலவாகிவிட்டது.

சட்டத்தின் தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். 2002இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கை, வண்டிகள் சிறுத்ததால் 1993ஆம் ஆண்டில் மட்டும் 1,300 முதல் 2,600 வரை கூடுதல் சாலை மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. சிறுத்தலைத் தூண்டக்கூடாது என்ற அக்கறை, பரப்பளவு முறைக்குப் பின்னால் இருந்தது. இது புறந்தள்ளக்கூடிய வாதமல்ல. ஆனால் இரு வண்டிகள் மோதும்போது ஆபத்தைப் பெருக்குவது அவற்றுக்கிடையிலான எடை வேறுபாடு. அந்த வேறுபாட்டை அகலப்படுத்தியது டிரக் சலுகையே. எஸ்யூவி மோகம் ஐரோப்பாவையும் பிடித்திருப்பதால் சட்டம் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். எரிகிற ஆசையில் எண்ணெய் ஊற்றியது சட்டம் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

வேறு வகைச் சட்டம் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. கெய் எனப்படும் சிறு கார்களின் நீள அகலத்துக்கு அங்கே உச்சவரம்பு உண்டு, 1990இல் இன்ஜின் வரம்பு 660 சிசியாக்கப்பட்டது, வரிச்சலுகையும் உண்டு. அந்தக் கூண்டுக்குள்ளிருந்துதான் 1991இல் ஹோண்டா பீட்டும் சுசுகி கப்புச்சினோவும் பிறந்தன. இரண்டும் 64 குதிரைத்திறன், 700 முதல் 760 கிலோ. இன்றும் உலகெங்கும் கார்ப் பிரியர்கள் தேடி வாங்கும் வண்டிகள் அவை. சிறுமையைப் பாராட்டிய சட்டம் இன்பத்தையும் ஈன்றது. மாஸ்டாவின் எம்எக்ஸ்-5உம் 2015இல் முந்தைய தலைமுறையைவிடச் சுமார் 100 கிலோ குறைந்து வந்து, சிக்கனமும் சுவையும் ஒரே உடலில் வாழும் என்று நிரூபித்தது.

இந்தியாவுக்கும் இந்த விவாதம் பொருந்தும். 2017-18 முதல் இங்கும் நிறுவனச் சராசரிக்கு விதி உண்டு; 2022-23இல் அது கடுமையானது. ஆனால் இலக்கு எடையைப் பொறுத்தது: ஒரு நிறுவனத்தின் வண்டிகள் கனமாக இருந்தால் அனுமதிக்கப்படும் கரியமிலவாயுவும் அதிகம். 2024இல் ஸ்விஃப்ட் நான்கு சிலிண்டரை விட்டு மூன்றுக்கு மாறியது. ஆற்றல் 90இலிருந்து 82 ஆகக் குறைந்தது, மைலேஜ் கூடியது. ஒரு டன்னுக்கும் குறைந்த அந்தக் கார் சிக்கனத்துக்காக மெலியும்போது, அதைவிட முக்கால் டன் கனத்த எஸ்யூவிக்குச் சட்டமே தளர்வு தருவது எந்த நியாயத்தில் சேரும்?

தீர்ப்பு இதுதான். சிக்கனம் என்ற குறிக்கோள் ஓட்டும் இன்பத்துக்குப் பகையல்ல. பல இடங்களில் அதன் துணை. பகை, பெரியதையும் கனத்ததையும் மன்னிக்கும் அளவுகோல். அபராதத்தைச் சுழியமாக்கினால் இலகுவான சிறு கார் திரும்பிவராது. முதலில் திரும்பியிருப்பது பிக்கப்பின் இன்ஜின் என்பதே அதற்குச் சான்று. எடைக்கு வரி வைப்பது கற்பனையல்ல. பிரான்ஸ் 2022இல் 1,800 கிலோவுக்கு மேற்பட்ட கார்களுக்கு அதைத் தொடங்கி, 2024இல் வரம்பை 1,600 கிலோவாக இறக்கியது. கார்ப் பிரியர்கள் கேட்கவேண்டியவை மூன்று: காருக்கும் டிரக்குக்கும் ஒரே அளவுகோல், பரப்புக்கும் எடைக்கும் தரும் சலுகைக்கு முடிவு, குறைந்த எண்ணிக்கையில் விற்கும் இலகுவான கார்களுக்கு விலக்கு. விதியை ஒழிக்கக் குரல் கொடுப்பவர்கள், தாங்கள் நேசிக்கும் காரை ஓரங்கட்டிய கனத்த வண்டிகளுக்காகவே வாதாடுகிறார்கள்.