அணுகுமுனைக்கு உகந்த அட்டை

பழைய கணினி ஒன்றை வைஃபை அணுகுமுனையாக, அதாவது கைப்பேசியும் மடிக்கணினியும் வந்து இணையும் மையமாக, மாற்ற விரும்புவோர் கம்பியில்லா அட்டையின் வேகத்துக்கு முன்பாக, அது அணுகுமுனை முறையில் இயங்குமா என்பதையே ஆராய வேண்டும்; பிறிதொரு மையத்தோடு இணைவதற்கு மட்டுமே பழகிய அட்டைகளும் சந்தையில் உண்டு. மையமாகும் அட்டையோ, தன் பெயரையும் திறன்களையும் அறிவிக்கும் பீக்கன் என்னும் சிறு தரவுப்பொதியை வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை பரப்பிக்கொண்டே, மின்சேமிப்புக்காக உறங்கும் கருவிகளுக்குரிய தரவு அவை விழிக்கும்வரை காக்கப்படுவதற்கும் துணைநிற்க வேண்டும்.

இவ்வகையில் ஏதெரோஸ் நிறுவனத்தின் ஏஆர்9280 சில்லு தனி மதிப்புக்குரியது. வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் நிரலான இயக்கி, இதற்கு ஏடிஎச்9கே என்னும் பெயரில் திறமூலமாக 2008இல் லினக்ஸ் 2.6.27 கருவில் சேர்ந்தது. அட்டைக்குள் ஏற்றவேண்டிய மூடிய நிலைபொருள் எதுவும் இல்லாமையால், பொதிகளை வரிசைப்படுத்தும் முறையைக்கூட எவரும் படித்துத் திருத்த முடிகிறது. இத்தகைய வெளிப்படைத்தன்மை வேகத்தைவிட அரிய பண்பு. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு பட்டைகளுள் ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டுமே மையமாக நிற்பதும், உச்சத்தில் நொடிக்கு 300 மெகாபிட்டைத் தாண்டாததும் இதன் எல்லைகள். சிறு வீட்டுக்கு அவை பொருட்டல்ல.