மிதக்கும் வீடும் அதைச் சுமந்தவர்களும்: ஆனி பிராஸியின் ‘சன்பீம்’ பயணநூல்

குடும்பத்தோடு பாய்மரப் படகில் ஊர் ஊராகப் போவது இன்றைக்கு யூடியூபில் ஒரு தனி உலகம். குழந்தைகள், நாய், நங்கூரம், கரையிறங்கினால் சந்தை. இதற்கு ஒரு பாட்டி உண்டு: ஆனி பிராஸி 1878-இல் வெளியிட்ட ‘எ வாயேஜ் இன் தி சன்பீம்’. பதினொரு மாதம் கடலே எங்கள் வீடு என்கிறது அதன் துணைத்தலைப்பு. அந்த ‘வீடு’ என்ற சொல்லைத்தான் கொஞ்சம் தட்டிப் பார்க்கணும் என்று தோன்றுகிறது.

1876 ஜூலையில் கிளம்பி, தென்னமெரிக்கா, தஹிதி, ஹவாய், ஜப்பான், இலங்கை, சூயஸ் வழியாக 1877 மே மாதம் இங்கிலாந்து திரும்பினார்கள். கணவர் தாமஸ் பிராஸி நாடாளுமன்ற உறுப்பினர். ரயில் பாதைகள் போட்டுப் பெரும்பணம் சேர்த்த ஒப்பந்ததாரரின் மகன். நான்கு பிள்ளைகள், கடைக்குட்டி கைக்குழந்தை. ஆனால் கப்பலில் மொத்தம் 43 பேர்! குடும்பமும் சில விருந்தாளிகளும் போக, மீதிப்பேர் மாலுமிகள், சமையல்காரர்கள், பணிப்பெண்கள். மூன்று பாய்மரம் இருந்தாலும், காற்று விழுந்தால் ஓட்ட நீராவி எஞ்சினும் உண்டு. ஆக, துறைமுகம் என்பது வேடிக்கை பார்க்க மட்டும் இல்லை. நிலக்கரியும் தண்ணீரும் காய்கறியும் ஏற்றுகிற இடமும் அதுதான்.

ஆனியின் பலம் சந்தைகள். பழம், மீன், துணி, பெண்களின் உடுப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுகிறார். மாலுமிகளின் பதிவேடுகளில் காற்றும் ஆழமும்தான் இருக்கும். சாப்பாடும் குழந்தைகளும் வருவதற்கு இப்படி ஒருவர் தேவைப்பட்டார்.

பலவீனமும் அங்கேயே இருக்கு. கரையில் இருப்பவர்கள் காட்சியாக வருகிறார்கள், பேசுவது குறைவு. 1877-இல் இலங்கைக்கு வந்து கண்டி வரை போகிறார். அந்த மலைகளின் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் ஊர்களிலிருந்து போனவர்கள். அதே சமயம் இங்கே தாது வருடப் பஞ்சம். சில நாள் தங்கிப் போகிற பார்வைக்கு இதெல்லாம் எட்டுவது கஷ்டம். அதற்காக அவரைத் திட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பக்கங்களை உலகத்தைப் பற்றிய சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துறைமுகத்திலிருந்து ஒரு நாள் தூரத்துக்கு உட்பட்ட சாட்சி, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், நூலின் சிறந்த பகுதி கரையிலேயே இல்லை. 1876 செப்டம்பரில் தென் அட்லாண்டிக்கில் ‘மாங்க்ஸ்ஹேவன்’ என்ற கப்பல் தீப்பிடித்து நிற்கிறது. உள்ளே இருந்த நிலக்கரி கனன்றுகொண்டிருக்கிறது. அதன் 15 பேரையும் சன்பீம் ஏற்றிக்கொள்கிறது. உடனே கவலை: இத்தனை வாய்க்கு எப்படிச் சோறு, தண்ணீர்? பதினைந்து பேர் கூடினதும்தான் ஒரு வீட்டின் கொள்ளளவு என்ன என்பது பக்கத்தில் தெரிகிறது. அதுவரை வீட்டை நடத்திய கைகள் கண்ணுக்குப் படாமலே இருந்தன.

1887-இல் இன்னொரு நீண்ட பயணத்தில், அதே சன்பீமில், காய்ச்சல் கண்டு ஆனி இறந்தார். உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். அவரளவில் ‘கடல் வீடு’ என்பது அலங்காரப் பேச்சு இல்லை, உண்மைதான். அந்த வீட்டில் கூலிக்கு இருந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது என்னவாக இருந்தது?

நூல் புராஜெக்ட் குட்டன்பெர்க்கில் இலவசமாகக் கிடைக்கிறது. வாசிக்கும்போது இந்தக் கேள்வியையும் கூட வச்சுக்குங்க.