மலைக்குக் கட்டம், கண்மாய்க்குக் கோடு

கொடைரோடு ரயில் நிலையத்துக்கு மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கே சிறுமலை, நடுவில் நிலக்கோட்டை வட்டாரத்துச் சமவெளி. சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போனால் 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானல் வந்துவிடும். செங்குத்துச் சரிவும் தட்டை நிலமும் ஒரே திரைக்குள் அடங்கிவிடுவதால், இணைய வரைபடத்தில் மேடுபள்ளத்தைக் காட்ட வெக்டர் நல்லதா ராஸ்டர் நல்லதா என்ற கேள்வியை இங்கே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

ராஸ்டர் என்பது கட்டங்களாகப் பிரித்த படம். கட்டத்துக்கு ஒரு நிறம். வெக்டரோ புள்ளிகளின் ஆயத்தொலைவுகளை மட்டும் அனுப்பி, கோட்டை வரையும் வேலையை நம் போனிடம் விட்டுவிடுகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தக் கோடு கூர்மை குறையாது. அதனாலேயே வெக்டர்தான் உயர்ந்தது என்று வரைபடத் தளம் அமைப்பவர்கள் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மலையைப் பொறுத்தவரை எனக்கு அதில் உடன்பாடில்லை.

உயரத் தரவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் கொண்டு உலகின் பெரும்பகுதியை அளந்தது. அந்தத் தரவில் சுமார் 30 மீட்டருக்கு ஓர் உயரம் உண்டு. நம் பகுதிக்கு முதலில் 90 மீட்டர் கட்டமே கிடைத்தது. 30 மீட்டர் கட்டம் 2014க்குப் பிறகுதான் பொதுவெளிக்கு வந்தது. இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து உருவாக்கி புவன் தளத்தில் தரப்படும் உயரத் தரவும் கட்டங்கள்தான். ஆக, தரவு பிறப்பிலேயே ராஸ்டர். அதிலிருந்து கணக்கிட்டு எடுப்பவையே சமஉயரக் கோடுகள்.

20 மீட்டருக்கு ஒரு கோடு என்று வைத்தால் ரயில் நிலையத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையே சுமார் 90 கோடுகள் வரும். உயரத்தை எண்ணாகப் படிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் 17ஆம் பெருக்க நிலைக்குப் போனால் திரையின் ஒரு பிக்சல் தரையில் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். 30 மீட்டர் கட்டம் ஒன்று பக்கத்துக்கு 25 பிக்சல் அளவுக்கு விரிந்துவிடும். ராஸ்டராக இருந்தால் படம் மங்கி, ‘இதற்கு மேல் என்னிடம் தகவல் இல்லை’ என்று காட்டிக்கொடுத்துவிடும். வெக்டர் கோடோ சர்வேயர் நடந்து அளந்ததைப் போலவே கூர்மையாக நிற்கும். மேலும், அந்த ரேடார் அடர்ந்த மரங்களின் அடித்தரையை முழுதாகத் தொடுவதில்லை. பழனி மலையின் சோலைகளிலும் பைன் தோப்புகளிலும் உயரத்தோடு மரத்தின் ஒரு பங்கும் சேர்ந்திருக்கும். அந்தக் கோட்டை நம்பி வீட்டுக்கு அடித்தளம் வெட்டுகிறவரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் இந்த ஆபத்து குறைவு; காகிதத்தை யாரும் விரலால் பெரிதாக்க முடியாது.

ராஸ்டரின் பலம் நிழல். சரிவுகளுக்கு ஒளியும் நிழலும் கொடுத்த படத்தைப் பார்த்ததும் மலை எழுந்து நிற்கும். கோடு படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஆனால் வழக்கப்படி வெளிச்சம் வடமேற்கிலிருந்து விழுவதாகவே வைக்கிறார்கள். தெற்கிலிருந்து விழுந்தால் பலருக்கு மேடு பள்ளமாகத் தெரியும் என்பதே காரணம். விளைவு, கொடைரோட்டைப் பார்த்திருக்கும் பழனி மலையின் கிழக்குச் சரிவு வரைபடத்தில் இருண்டு கிடக்கிறது. சென்னையிலிருந்து வரும் இரவு ரயிலில் காலையில் இறங்குகிறவர், வெயில் பட்டு ஒளிரும் அதே சரிவைத்தான் நேரில் பார்க்கிறார். நிழலோடு முன்கூட்டியே வரைந்து வைத்த படத்தில் சூரியனை நகர்த்த முடியாது.

இதற்கு நல்ல தீர்வு, நிழலை அனுப்பாமல் உயரத்தையே பிக்சலின் நிறத்தில் பொதிந்து அனுப்புவது. பரவலாகப் புழங்கும் ஒரு முறையில் நீலம் ஒரு படி மாறினால் 10 சென்டிமீட்டர், பச்சை மாறினால் 25.6 மீட்டர், சிவப்பு மாறினால் 6,553.6 மீட்டர். அதனால் ஜேபெக் போல இழப்போடு சுருக்கவே கூடாது. சிவப்பில் ஒரு படி பிசகினால் இமயமே முளைத்துவிடும். இந்தக் கட்டத்திலிருந்து பிரவுசரே நிழலையும் போடலாம், கோடுகளையும் வரையலாம், சூரியனைக் கிழக்கேயும் வைக்கலாம். மலைக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். 14ஆம் நிலைக்கு மேல் கோடுகளை நிறுத்திவிட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

மலையின் மேல் ஊர்ப்பெயரையும் எழுத வேண்டுமே; அந்த விஷயத்தில் வெக்டர் நமக்குப் பெரிய குறை வைத்திருக்கிறது. மேப்லிப்ரே போன்ற மென்பொருள்கள் பெயர்களை யூனிகோடு குறிகளாகத் தனித்தனியே எடுத்து அடுக்கி வந்திருக்கின்றன. ‘கொடைரோடு’ என்ற பெயரில் கொம்பும் காலும் இல்லாத எழுத்தே அரிது. அந்த முறையில் கொம்புகள் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழும். சர்வரிலேயே எழுத்தைக் கோத்து வரைந்த ராஸ்டர் படத்தில் பெயர் சரியாக வரும். ஒரு வரைபடம் ஊரின் பெயரைச் சிதைத்துவிட்டு, மலையை எவ்வளவு அழகாகக் காட்டினால்தான் என்ன?

சமவெளிக்கு இறங்கினால் தீர்ப்பு மாறுகிறது. விண்கல ரேடாருக்கு வகுத்த உயரத் துல்லியமே 16 மீட்டர். கண்மாய்க் கரையோ சில மீட்டர்தான். 20 மீட்டர் கோடும் அதைத் தாண்டிப் போய்விடும். நிலக்கோட்டைப் பூந்தோட்டத்துக்காரருக்கு நிலத்தின் ஏற்ற இறக்கம் என்றால் கரை, மடை, கலுங்கு, வரத்துக் கால்வாய்தான். ராஸ்டர் நிழலில் இவை எல்லாமே ஒரே சாம்பல் பரப்பு. இங்கே வெக்டரைத் தவிர வேறு வழியில்லை. கரையை ஒரு கோடாகவும் மடையை ஒரு புள்ளியாகவும் வரைந்து, நேரில் அளந்த மட்டத்தை அவற்றோடு எண்ணாகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் கோட்டுக்குள்ளேயே வைக்கலாம்: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கால்வாயை நீர் ஓடும் திசையில்தான் வரைய வேண்டும் என்பது விதி.