மாய எண்களும் திணிவின் சான்றும்

அணுக்கருவின் அமைப்பை விளக்க எழுந்த கொள்கைகளுள் ஓட்டுக் கொள்கை தலையாயது. 1949ஆம் ஆண்டில் மரியா கோப்பர்ட் மேயர் அம்மையார் அமெரிக்காவிலும், ஹான்ஸ் ஜென்சன் முதலியோர் ஜேர்மனியிலும் தனித்தனியே இதனை நிலைநாட்டினர். கருவிலுள்ள நியூத்திரன்களின் தொகை 2, 8, 20, 28, 50, 82, 126 என்பவற்றுள் ஒன்றாயின், ஓர் ஓடு நிறைந்து கரு மிக்க உறுதி பெறும். புரோத்தன்களுக்கும் 82 வரை இதுவே முறை. மாய எண்கள் எனப்படும் இவற்றை எல்லாக் கருக்களுக்கும் பொருந்தும் மாறா விதியெனப் போதிக்கும் வழக்கு ஆராய்தற்குரியது.

கருவின் திணிவு அதன் உறுப்புகளின் மொத்தத் திணிவிலும் குறைந்தது. அக்குறைவே பிணைப்புச் சத்தியாகும். ஆதலின் சமதானிகளின் திணிவுகளை ஒப்பிட்டு, இறுதி இரு நியூத்திரன்களைப் பிரித்தற்கு வேண்டும் சத்தியைக் கணிக்கலாம். நிறைந்த ஓட்டைக் கடந்ததும் அது சடுதியாய் வீழும். இவ்வீழ்ச்சியே கொள்கைக்கு உரைகல்.

1975இல் ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் குறுகிய ஆயுளுடைய சோடியச் சமதானிகளின் திணிவுகள் அளக்கப்பட்டன. 20 நியூத்திரன்களையுடைய சோடியம் 31இலும், அடுத்ததாகிய சோடியம் 32இலும் பிணைப்பு எதிர்பார்த்ததினும் வலிதாயிருந்தது. வர வேண்டிய வீழ்ச்சி வரவில்லை. கரு கோளவடிவினின்றும் திரிந்து நீள்வதே காரணமெனப் பின்னர் விளக்கப்பட்டது. 2013இல் அதே நிலையத்தார் கல்சியம் 53, 54 ஆகியவற்றின் திணிவுகளை வெளியிட்டனர். மின்புல ஆடிகள் இரண்டிற்கிடையே அயன்களைப் பன்முறை தெறிக்கச் செய்து, பறப்பு நேரத்தால் திணிவு அறியப்பட்டது. பழைய பட்டியலில் இல்லாத 32 என்னும் எண்ணைக் கடந்ததும் வீழ்ச்சி தெளிவாகத் தோன்றிற்று.

எனினும், 32ஐயும் பட்டியலிற் சேர்த்து அமைதல் பழைய பிழையைப் புதுப்பிப்பதாகும். 2016இல் லேசர் ஒளியால் அளந்தபோது, 32 நியூத்திரன்களையுடைய கல்சியம் 52இன் ஆரை எதிர்பார்த்ததினும் பெரிதாயிருந்தது. நிறைந்த ஓட்டிற்கு இஃது இயல்பன்று. திணிவு பிணைப்பின் அளவைக் கூறும். அதன் காரணத்தைக் கூறாது. ஆதலின் அது முதற் சாட்சியேயன்றித் தீர்ப்பாளனன்று. ஆரையும் அருட்டற் சத்தியும் உடன் விசாரிக்கப்படல் வேண்டும்.

இவற்றால் மேயர், ஜென்சன் ஆகியோரின் பெருமை குன்றாது. கல்சியம் 48, ஈயம் 208 முதலிய கருக்கள் இன்றும் அவர்தம் கொள்கைக்குச் சான்று பகர்கின்றன. ஆயினும் எண்களை மனனஞ் செய்விக்கும் ஆசிரியர், அவை எக்கருக்களிற் செல்லும், எவற்றிற் செல்லா என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும். எல்லை கூறப்படாத விதி மாணாக்கனுக்கு அறிவாகாது. வெறும் நம்பிக்கையாகவே நிற்கும்.