உண்மை அறியும் குழுக்களின் தமிழ்

அரசும் சேரியும் நேருக்கு நேர் நிற்கிற இடத்துக்கு மூன்றாவதாக ஒரு கூட்டம் வந்து சேரும். வக்கீல், பேராசிரியர், பத்திரிகைக்காரர், ஒன்றிரண்டு எழுத்தாளர்கள். வேனில் வருவார்கள், இரண்டு நாள் இருப்பார்கள், அப்புறம் ஒரு அறிக்கை வரும். இந்த உண்மை அறியும் குழு அறிக்கைகளை நம் விமர்சகர்கள் ஒரு எழுத்து வகையாகவே எண்ணுவதில்லை. நாவலுக்குக் கூட்டம் போடுகிறார்கள், கவிதைக்குக் கூட்டம் போடுகிறார்கள். ஆனால் கொளுத்தப்பட்ட ஒரு சேரியைப் பற்றி வெளியிலிருப்பவன் முதலில் வாசிப்பது நாவலை அல்ல, இந்த அறிக்கையைத்தான். அதையும் பிரதியாக வைத்துப் படித்துப் பார்க்க வேண்டாமா?

இப்படிக் கேட்பதால் குழுக்களே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் வராவிட்டால் போலீஸ் எழுதும் முதல் தகவல் அறிக்கை மட்டுந்தான் மிஞ்சும். அதில் நம்ம ஆளுங்க எப்போதும் "பயங்கர ஆயுதங்களுடன்" தான் வருவார்கள்.

தாமிரபரணியை எடுத்துக்கொள்வோம். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லை கலெக்டர் ஆபீசை நோக்கி ஊர்வலம். போலீஸ் தடியெடுத்தது. சனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள், தண்ணீருக்குள்ளும் அடி விழுந்தது. செத்தவர்கள் 17 பேர். அதில் இரண்டு பெண்கள், இரண்டு வயதுகூட ஆகாத ஒரு குழந்தை. அரசு போட்ட நீதிபதி மோகன் கமிஷன் போலீசைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்தக் கதையாடலை எதிர்த்து நின்றவை பத்திரிகைக்காரர்களின் காமிராக்களும், ஆர்.ஆர்.சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படமும், மனித உரிமைக்காரர்களின் எழுத்தும். இவை இல்லையென்றால் பதினேழு பேரும் தாங்களாகவே ஆற்றில் விழுந்தார்கள் என்றே வரலாறு எழுதப்பட்டிருக்கும்.

ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. தமிழ் எம்.ஏ. படித்த புத்தி, வினைமுற்றைத்தான் முதலில் பார்க்கிறேன். இந்த வகை அறிக்கைகளில் சனங்கள் விரட்டப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். எல்லாம் செயப்பாட்டு வினை. அடித்தவன் பெயர் இந்த வாக்கியத்தில் ஒளிந்துகொள்கிறான் என்பது தெரிந்த விஷயம். கூடவே இன்னொருவரும் காணாமல் போகிறார்: ஊர்வலம் போவது என்று முடிவெடுத்த மனுஷி. தேயிலைக் கொழுந்து பறித்த கை, கூலி போதாது என்று வேலையை நிறுத்தியது. அறுநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள், அவர்களை விடச் சொல்லித்தான் அந்த ஊர்வலமே. மலையில் தொடங்கிய இந்தக் கதையை நாம் ஆற்றில் தொடங்கி ஆற்றிலேயே முடிக்கிறோம். கூலி கேட்டவள் 'பாதிக்கப்பட்டோர்' என்ற பன்மைக்குள் போய்விடுகிறாள். அவள் பேசியது பின்னிணைப்பாகக் கடைசியில் கிடக்கும், அதுவும் நல்ல தமிழில் திருத்தப்பட்டு!

வடிவத்தில் இருக்கிற இந்தக் குறை அரசியலிலும் வந்து நிற்கிறது. குழு கலெக்டரைப் பார்க்கிறது, எஸ்.பி.யைப் பார்க்கிறது, இரு தரப்பும் கேட்டோம் என்று எழுதுகிறது. கேட்கட்டும், கேட்காமல் எழுதினால் நாளைக்கு கோர்ட்டில் நிற்காது. ஆனால் பரிந்துரைப் பக்கத்தைத் திருப்பினால் நிவாரணத் தொகை, பணி இடைநீக்கம், நீதி விசாரணை என்றே வரிசையாக இருக்கும். சனங்கள் எதற்காக அரசின் முன்னால் போய் நின்றார்களோ அந்தக் கூலியும் நிலமும் அங்கே சுருங்கிப்போயிருக்கும். அப்போது குழுவுக்கும், தாலுகா ஆபீசில் தாசில்தார் கூட்டுகிற அமைதிக் கமிட்டிக்கும் என்ன வித்தியாசம்? அவன் காப்பி கொடுத்து அடங்கச் சொல்கிறான், நாம் அனுதாபத்தோடு.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்த பழங்குடி ஊர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, கிணறு பாழாக்கப்பட்டது. அங்கே போன மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்களும் மார்க்சிஸ்ட் தோழர்களும் அறிக்கையோடு திரும்பிவிடவில்லை. எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் விசாரணை, 1995இல் சி.பி.ஐ. என்று வழக்கு நகர்ந்தது. அடையாள அணிவகுப்பில் அந்தப் பெண்களே நின்று, இவன்தான் என்று கை நீட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இடையிலேயே செத்துப்போனார்கள். மிச்சமிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கட்சிக்குள் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதில் மார்க்சிஸ்ட் தோழர்களோடு நமக்குள்ள சண்டை தீராதது. அதற்காக இந்தப் பத்தொன்பது வருஷ உழைப்பைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே வாக்கியத்தின் எழுவாய் அந்தப் பெண்கள். உடன் போனவர்கள் பஸ் ஏற்றிவிட்டார்கள், வக்கீல் பிடித்தார்கள், வாய்தாவுக்கு வாய்தா கூட நின்றார்கள்.

தாமிரபரணிக் கரைக்கு ஒவ்வொரு ஜூலை 23ம் கட்சிகளும் அமைப்புகளும் போகின்றன. ஆற்றில் பூப் போடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். சிங்கம்பட்டி ஜமீன் கொடுத்த 99 வருஷக் குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்னாலேயே, 2024இல், மாஞ்சோலைத் தொழிலாளிகளிடம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் கையெழுத்து வாங்கி, லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நாலைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே செத்தவர்களின் வாரிசுகள். நிலம் கேட்டு, வீடு கேட்டு வழக்குப் போனது. அவர்களைப் பற்றி இனி அறிக்கை எழுதப் போகிற தோழர்கள் முதல் வாக்கியத்தை 1999இன் கூலிக் கோரிக்கையிலிருந்து தொடங்கட்டும். தொழிலாளி பேசியதை நடுப்பக்கத்தில் போடட்டும், அவர்கள் பேசின பேச்சிலேயே.